செயலில் உள்ளவர்

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில், ரொசிட்டா தன் கணவனிடம் கயிறு இருக்கிறதா என்று கேட்பாள். டிபன் பாக்ஸைத் திறந்து ஓரமாக வைத்துவிட்டு, இயர்போனைச் செருகிக்கொண்டு, எழுத்தில்தான் கேட்பாள். பதில் குரலில் வரும்.

"இருக்கு அண்ணாச்சி. மணிலாவா, நைலானா? எத்தன சுருள் வேணும்?"

டென்சில் 'எத்தன' என்பதைக் கொஞ்சம் இழுப்பான். ஒரு வாக்கியம் முடிந்ததும் லேசாகத் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் அடுத்ததற்குப் போவான். அந்தச் செருமலைக் கேட்பதற்காகவே அவள் இரண்டாவதாக ஒரு கேள்வியையும் தயாராக வைத்திருப்பாள். ஐந்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுதுவாள். நிதானமா சொல்லுங்க அண்ணாச்சி என்பான். அதன்பிறகு டிபன் பாக்ஸில் இருப்பது என்ன குழம்பு என்று அவளுக்குத் தெரியாது.

டென்சில் கடலில் காணாமல் போய் அப்போது ஆறு வருடமாகியிருந்தது.

வணிகவாசல் என்ற தளத்தில் பதியாமல் தமிழ்நாட்டில் யாரும் தொழில் செய்ய முடியாது என்று ஆகிவிட்ட காலம் அது. டீக்கடைக்காரர் முதல் கப்பல் ஏஜென்ட் வரை எல்லோருக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. யார், எங்கே, என்ன விற்கிறார், இப்போது தொழிலில் இருக்கிறாரா என்பதையெல்லாம் அந்தப் பக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கூடவே ஒவ்வொருவருக்கும் ஒரு பதிலி. அவர் எழுதிய கடிதங்கள், பேசிய பேச்சுகள், ஒத்துக்கொண்டது, மறுத்தது எல்லாவற்றையும் படித்துக்கொண்டு, அவர் தூங்கும்போதும் கல்யாணத்துக்குப் போயிருக்கும்போதும் அவர் குரலிலேயே வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும். சிறு வியாபாரிகளுக்கு அது பெரிய வரமாக இருந்தது. ஆள் போட முடியாதவனுக்கும் எந்நேரமும் கடை திறந்திருந்தது.

ரொசிட்டா அந்தத் தளத்தின் தூத்துக்குடி அலுவலகத்தில் சொற்பிரிவில் வேலை பார்த்தாள். தளத்தைப் பயன்படுத்துவோருக்கான 'முக்கியச் சொற்கள்' என்ற பக்கம் அவள் எழுதியது. யாரும் முழுதாகப் படிக்காமல் 'ஏற்கிறேன்' என்று அழுத்திவிட்டுக் கடந்துபோகும் பக்கம். ஆனால் தளம் முழுவதும் அந்தச் சொற்களின்படிதான் நடந்தது. தமிழ் படித்துவிட்டு வேலை தேடிய இருபத்தைந்து வயதில் அவளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே, வக்கீல்கள் ஒரு பக்கத்தில் எழுதியதை அவளால் ஒரே வரியில் சொல்ல முடிந்ததுதான்.

பயனர்: தானாகவோ தன் பதிலி வழியாகவோ தளத்தைப் பயன்படுத்துபவர்.

விசாரணை: பொருள் அல்லது சேவை குறித்து ஒரு பயனர் இன்னொருவரிடம் கேட்பது.

செயலில் உள்ளவர்: கடந்த நாற்பது நாளில் ஒரு விசாரணையாவது கேட்டவர், அல்லது ஒன்றுக்காவது பதில் சொன்ன பயனர்.

எழுதிய நாளில் இந்த மூன்று வரிகளையும் டென்சிலிடம் வாசித்துக் காட்டினாள். அப்போது கல்யாணமாகி நாலு மாதம். நல்லா இருக்கு, எனக்கே புரியுது என்றான்.

அவன் கப்பல்களுக்குச் சரக்குக் கொடுக்கிற தொழில் செய்தான். காய்கறி, கயிறு, பெயின்ட், மாலுமிகளுக்குச் சோப்பு, கேட்டால் கிடார் கம்பி வரைக்கும். ஒரு டிசம்பர் மாதம், துறைமுகத்துக்குள் வராமல் வெளித்துறையில் நங்கூரமிட்டிருந்த கப்பலுக்கு லஞ்ச் என்கிற மோட்டார் படகில் சரக்கு ஏற்றிக்கொண்டு போனான். காற்று மாறிக்கொண்டிருந்தது. கப்பல் அன்று சாயங்காலமே கிளம்புவதாக இருந்தது. மறுநாள் லஞ்ச் கவிழ்ந்து கிடந்தது. கூடப் போன இரண்டு பேரையும் கடல் கொண்டுவந்து போட்டது. அவனைப் போடவில்லை.

மூன்றாவது வாரம், துறைமுக வாசலில் கடை வைத்திருந்த ஒருவர் ரொசிட்டாவிடம், இப்பதான் டென்சில் அண்ணாச்சிட்ட பேசுனேன், நீங்க ஏன் இப்படி இருக்கீங்க என்று கேட்டார். அவள் செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். எங்கே ஓடுகிறோம் என்று பாதி வழியில்தான் யோசித்தாள். நின்றாள். அது பதிலி என்பது அப்போதுதான் உறைத்தது. ஊரிலேயே அதை முதலில் தெரிந்திருக்க வேண்டியவள் அவள்தான்.

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்து, தன் பெயரிலேயே நுழைந்து, நான் ரோஸி பேசுறேன் என்றாள். எதிர்ப்பக்கம் ஒரு செருமல். பிறகு அவன் குரல், முன்பின் தெரியாதவர்களிடம் பேசும் அந்த மரியாதையோடு சொன்னது: "இது வணிக விசாரணை இல்லீங்க. பொருள் ஏதாச்சும் வேணும்னா சொல்லுங்க."

அது விசாரணை ஆகாது என்பதை எழுதி வைத்தவளும் அவளேதான்.

மறுவாரம் அவள் 'கருணை ஏஜென்சி' என்று ஒரு நிறுவனத்தைப் பதிந்தாள். அப்படி ஒன்று கிடையாது. வேலை போகக்கூடிய குற்றம். ஆனால் ஏஜென்சி கேட்டால் அவன் பேசினான். தளத்தில் இருந்த கடைசிச் சரக்குப் பட்டியலை வைத்துக்கொண்டு, காலியாகிவிட்ட கிடங்கில் எல்லாம் இருப்பதாகச் சொன்னான். நிஜ வாடிக்கையாளர்கள் ஓரிரு முறை ஏமாந்தபின் விலகிப் போனார்கள். நாற்பது நாள் யாரும் எதுவும் கேட்காவிட்டால் அவன் பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளி அணைந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். வாரிசு வந்து சொன்னால் பக்கத்தை மூடிவிடலாம் என்ற விதியும் தெரியும். அவள் போய்ச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை தவறியதும் இல்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் ஒரு தடவை படுத்தபடியே வயர் ரோப் பற்றிக் கேட்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் முத்துப்பேச்சி வந்தாள்.

விளாத்திகுளம் பக்கத்துப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் நான்காக மடித்த தாள்கள். வரவேற்பில் இருந்தவர்களிடம் அவள் பக்கம் பற்றியோ பதிவு பற்றியோ கேட்கவில்லை. இந்த வார்த்தையை எழுதினவர் யார், அவரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். கடைசியில் ரொசிட்டாவிடம் அனுப்பி வைத்தார்கள்.

தாளில் ஒரு வரியின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. 'செயலில் உள்ளவர்' என்ற வரி.

அவள் புருஷன் கருத்தப்பாண்டி கரி வியாபாரி. வேலிக்கருவை மரத்தை வெட்டி மூட்டம் போட்டுச் சுட்ட கரியை லாரியில் ஏற்றி வடக்கே கொண்டுபோவான். எட்டு வருடத்துக்கு முன்னால் அப்படிப் போனவன், ஆற்று வெள்ளத்தில் லாரியோடு போய்விட்டான். லாரி கிடைத்தது. ஆள் இல்லை. ஏழு வருடம் ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லையென்றால் இறந்தவராகக் கொள்ளலாம் என்று சட்டம் இருக்கிறது. அதை நம்பிக் கோர்ட்டுக்குப் போனாள். அங்கே அவன் பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள். பச்சைப் புள்ளி. செயலில் உள்ளவர். போன வாரம்கூட ஒருவருக்குப் பதில் சொல்லியிருக்கிறாரே அம்மா, இவரைப் பற்றித் தகவல் இல்லை என்று எப்படிச் சொல்வது என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள்.

ரொசிட்டா, வாரிசு வந்து எழுதிக் கொடுத்தால் பக்கத்தை மூடலாமே என்று விதியைச் சொன்னாள்.

"அதுக்கு எறப்புச் சான்று வேணுமாம்க்கா" என்றாள் முத்துப்பேச்சி. "சான்று கேட்டா, அவுக பக்கத்த மூடிட்டு வான்னு சொல்லுதாங்க. எட்டு வருசம். நான் தாலி போட்டிருக்கவா, கழட்டவா?"

பிறகு தலையைக் குனிந்துகொண்டு மற்றதையும் சொன்னாள். தீப்பெட்டி ஆபீஸில் கூட வேலை பார்க்கிற ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருக்கிறார். மூன்று வருடமாகக் காத்திருக்கிறார். நல்ல மனிதர். இனிமேலும் காத்திருங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இப்போதெல்லாம் அவரைப் பார்த்தால் வேறு பக்கமாகத் திரும்பி நடக்கிறாள்.

"எனக்கும் ஆச இருக்கும்லாக்கா."

ரொசிட்டா அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வருடமாக ஒருத்தியைக் கட்டிப்போட்டிருக்கும் வரியில் பிழை ஒன்றும் தெரியவில்லை. ஒற்றுப்பிழைகூட இல்லை.

நீங்கள் அவரிடம் பேசிப் பார்த்தது உண்டா என்று கேட்டாள்.

"ஒரே ஒருவாட்டி. மகனுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரில போட்டிருந்தோம். என்ன செய்யன்னு தெரியாம அதுல கூப்புட்டேன். கரி எத்தன மூட வேணும்னு கேட்டுச்சு. அதுக்கப்புறம் நான் கூப்புடல."

மறுநாள் ரொசிட்டா மதாரைப் போய்ப் பார்த்தாள். மதார் பதிலிகளைப் பராமரிக்கும் பிரிவின் பொறுப்பாளர். ஐம்பதைத் தாண்டியவர், மேலப்பாளையத்துக்காரர், எதையும் இரண்டு தடவை யோசித்துத்தான் பேசுவார். கருத்தப்பாண்டியின் கரிக் கிடங்கு பூட்டிக் கிடக்கிறது, ஊரில் எல்லோருக்கும் ஆள் இல்லை என்று தெரியும், அப்புறமும் மாதாமாதம் யார் அவனிடம் கரி கேட்கிறார்கள் என்பதுதான் அவள் கேள்வி.

மதார் பதிவைத் திறந்து மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தார்.

"கயத்தாறுல ஒரு பேக்கரி மேடம். அடுப்புக்குக் கரி கேக்குது. பேக்கரி ஓனர் தவறி ஆறு வருசமாச்சு. பிள்ளைங்க வெளிநாட்டுல. யாரும் பக்கத்த மூடல."

"அப்ப கேக்குறது?"

"அவரோட பதிலி. முதல் தேதியானா கரி இருக்கான்னு கேக்குது. பாண்டியோட பதிலி, லோடு வந்துட்டிருக்குன்னு சொல்லுது. இது கேட்டதுனால அது செயல்ல இருக்கு. அது பதில் சொன்னதுனால இதுவும் செயல்ல இருக்கு. ரெண்டு பேருமே இல்ல. ஆனா வியாபாரம் நடந்துக்கிட்டிருக்கு."

இப்படி எத்தனை இருக்கும் என்று கேட்டாள். தேடிப் பார்க்க அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று. நாலாயிரத்துச் சொச்சம் என்றார். மூடிய மில்லுகளிடம், உயிரோடு இல்லாத பஞ்சு வியாபாரிகள் மில் ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தறி விற்றுப்போன வீட்டுக்கு நூல் வேண்டுமா என்று ஒருவர் பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தலைமை அலுவலகம் இதைக் கேட்டு ஆடிப்போனது. கோர்ட்டும் நிலப் பதிவும் பென்ஷனும் அந்தப் பச்சைப் புள்ளியை நம்பி நடந்துகொண்டிருந்தன. சொல்லைத் திருத்துங்கள், இரண்டு வாரத்துக்குள் புதிய வரி வேண்டும் என்று ரொசிட்டாவுக்கு உத்தரவு வந்தது.

அவள் ஒரு வரி எழுதினாள். செயலில் உள்ளவர்: கடந்த நாற்பது நாளில், உயிரோடிருக்கும் ஒருவர் கேட்ட விசாரணைக்குப் பதில் சொன்ன பயனர்.

எழுதி முடித்ததும் அந்த வரி என்ன செய்யும் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கருத்தப்பாண்டியிடம் கேட்பது செத்துப்போன பேக்கரிக்காரர். ஆகவே கருத்தப்பாண்டி போய்விடுவான். முத்துப்பேச்சிக்கு விடுதலை. டென்சிலிடம் கேட்பது ரொசிட்டா. ரொசிட்டா உயிரோடு இருக்கிறாள். ஆகவே டென்சில் இருப்பான். வரியில் யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டு பேருக்கும் நல்லதுதானே என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அன்று முழுக்க யார் முகத்தையும் அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை.

புதிய சொல் எழுதினால், தளத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் வாசித்துக் காட்டிப் புரிகிறதா என்று கேட்க வேண்டும் என்பது பிரிவின் வழக்கம். ரொசிட்டா முத்துப்பேச்சியை வரவழைத்தாள். நல்ல செய்தி சொல்லப்போகிற மிதப்பு அவளுக்கு இருந்தது. வந்தவளை உட்காரவைத்து, காப்பி வாங்கிக் கொடுத்து, வரியை நிறுத்தி வாசித்தாள்.

முத்துப்பேச்சி மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். கேட்டுவிட்டு, அப்படின்னா எங்க அத்தை கேட்டா என்று கேட்டாள்.

ரொசிட்டாவுக்குப் புரியவில்லை.

"அவுக அம்மா. பேரன் இப்பத்தான் போன்ல பேசப் பழக்கிவிட்டான். வாரத்துக்கு ரெண்டு நாள் போன எடுத்துவச்சுக்கிட்டு, யய்யா கரி இருக்கான்னு கேக்கும். இருக்குன்னு சொன்னதும் சிரிச்சுக்கிடும். கரிய வாங்கி அது என்ன பண்ணப்போவுது. கொரலக் கேக்கணும், அவ்வளவுதான்." முத்துப்பேச்சி காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள். "அது உசுரோடதானக்கா இருக்கு. அது கேக்குற வரைக்கும் நான் இப்படியே இருக்கணுமோ?"

அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் ரொசிட்டாவுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அத்தைய நான் தப்புச் சொல்லலக்கா. பெத்தவ. ஏங்கத்தான செய்வா. அவ ஏக்கத்துக்கு நான் காவல் இருக்க முடியுமா?"

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து ரொசிட்டா தன் இடத்தில் உட்கார்ந்தாள். பெரிய விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. இரண்டு நிமிடத்தில் எழுதிவிட்டாள். அந்த இரண்டு நிமிடத்துக்கு முன்னால் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

பதிலி சொல்லும் பதில், பயனர் சொன்ன பதில் ஆகாது.

அவ்வளவுதான் வரி. கூடவே ஒரு விதியும் சேர்த்தாள்: ஆண்டுக்கு ஒருமுறையாவது பயனர் தானே வந்து தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும். வராதவரின் பதிலி பேசாது, புள்ளி அணைந்துவிடும். தலைமை அலுவலகம் ஒரு எழுத்தும் மாற்றாமல் ஏற்றுக்கொண்டது. மாதத்தின் பதினைந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நடைமுறைக்கு வரும் என்று அறிவிப்பு வந்தது.

வியாழக்கிழமை மதியம் அவள் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. என்ன கேட்பது என்று காலையிலிருந்து யோசித்திருந்தாள். சொல்ல நிறைய இருந்தது. மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டியாகிவிட்டது. உன் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நடந்துவிட்டது. எனக்கு இப்போது கண்ணாடி. அன்று காலை நீ கிளம்பும்போது நான் அடுக்களையிலிருந்து வெளியே வந்திருக்கலாம். இதில் எதுவும் விசாரணை ஆகாது.

கருணை ஏஜென்சியின் பெயரில் அவள் எழுதினாள்: வெளித்துறையில் நிற்கும் கப்பலுக்கு இன்று லஞ்ச்சில் சரக்குக் கொண்டுபோக முடியுமா?

ஒரு செருமல்.

"இன்னைக்குக் காத்து சரியில்ல அண்ணாச்சி. லஞ்ச் போவாது. ரெண்டு நாள் பொறுங்க, நானே கொண்டுபோய்க் குடுத்துருதேன்."

ஜன்னலுக்கு வெளியே கொடிமரத்துக் கயிறு கம்பத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் சொன்னது சரிதான். காற்று சரியில்லை. வானிலையைப் பார்த்துச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஆறு வருடத்துக்கு முந்திய அந்தக் காலையில் அவன் வாயால் வந்திருக்க வேண்டிய பதில் இப்போது அவள் காதுக்குள் இருந்தது. அவன் காத்திருந்தான். வேற ஏதாச்சும் வேணுமா அண்ணாச்சி என்றான்.

வேண்டாம், பொறுக்கிறேன் என்று எழுதினாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அலுவலகத்தில் எதுவும் நடக்கவில்லை. மணி அடிக்கவில்லை, விளக்கு அணையவில்லை. நாலாயிரத்துச் சொச்சம் பேர் பேசுவதை நிறுத்தினார்கள்.

அடுத்த மாதம் முத்துப்பேச்சியிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. கோர்ட்டில் மனுவை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அத்தைதான் இரண்டு நாள் சாப்பிடவில்லை, இப்போது அத்தைக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தாள். தீப்பெட்டி ஆபீஸ்காரரைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பின்னாலிருந்து, சொல்லி முடிச்சிட்டியா, பஸ் வருது என்று ஓர் ஆண் குரல் கேட்டது.

ரொசிட்டாவும் விண்ணப்பம் கொடுத்தாள். மனைவி என்ற முறையில் டென்சிலின் பதிவுகளைப் பெற்றுக்கொள்ளும் விண்ணப்பம். ஒரு நாள் மதியம் மதார் அதைத் தானே கையில் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"கருணை ஏஜென்சி யாருன்னு எனக்கு ரொம்ப நாளாத் தெரியும் மேடம்" என்றார். "யார்ட்டயும் சொல்லல. சொல்ற விசயம் இல்ல."

அவள் தலையைத் தூக்கவில்லை. மதார் எதிரே உட்கார்ந்தார். தனக்கே விளங்காத ஒன்று இருந்தது என்று, தொழில் பேச்சு பேசுபவரைப் போலச் சொன்னார். ஏஜென்சியாகப் பதிந்துவிட்டு எதுவும் வாங்காமல் மூன்று தடவை விசாரிப்பவரைப் பதிலி தானாகவே விலக்கிவிடும். எல்லாப் பதிலிகளுக்கும் அதுதான் பழக்கம். கருணை ஏஜென்சி எழுபத்திரண்டு தடவை கேட்டிருக்கிறது. ஒரு சுருள் கயிறுகூட வாங்கவில்லை. டென்சிலின் பதிலி ஏன் அதை விலக்கவில்லை என்று அவர் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார். வாடிக்கையாளர் குறிப்பு என்று ஒரு பகுதி உண்டு. அதில் கருணை ஏஜென்சிக்கு நேரே பதிலி எழுதி வைத்திருந்ததை அவளுக்குக் காட்டினார்.

வாங்க மாட்டார். கேட்கட்டும்.

ரொசிட்டா அதை வாசித்தாள். அதுக்கு நான்னு தெரியுமா சார் என்று கேட்டாள்.

மதார் பொய் சொல்லாத மனிதர். "தெரியாது மேடம். பதிலி தானா ஒண்ணும் கண்டுபிடிக்காது. அவர் உசுரோட இருந்தப்ப செஞ்சதத்தான் செய்யும். வேற யாருக்கோ அவர் இப்படிச் செஞ்சிருக்கணும். அதப் பாத்துப் படிச்சிருக்கு. கீழ தள்ளிப் பாருங்க, அந்த ஆளும் அதுலதான் இருப்பார்."

அவர் எழுந்து போனபிறகு அவள் தள்ளிப் பார்த்தாள். இருந்தார். எட்டு வருடத்துக்கு முந்திய தேதி. டென்சில் தன் கையாலேயே எழுதிய குறிப்பு.

கஸ்பார் தண்டல், வேம்பார். தோணியை விற்றாச்சு. வாங்க மாட்டார். கேட்கட்டும்.

தூத்துக்குடியில் தோணியை ஓட்டிப்போகிறவரைத் தண்டல் என்பார்கள். கஸ்பார் என்ற பெயரை டென்சில் வீட்டில் சொன்னதே இல்லை. அந்தப் பெயரின் கீழே விசாரணைப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. வாரத்துக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிகிற நேரம். பாய்த்துணி இருக்கிறதா. கயிறு இருக்கிறதா. கப்பிக்குத் தடவ கிரீஸ் இருக்கிறதா. டென்சில் காணாமல் போன வாரத்தில் ஒன்று. அடுத்த வாரம் ஒன்று. ஆறு வருடமும் ஒரு ஞாயிறு விடாமல், வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு எல்லாம் நிற்கும் வரைக்கும். அதற்குப் பிறகும் நாலு விசாரணைகள் வந்திருந்தன. அவற்றுக்கு நேரே பதில் என்ற இடம் காலியாக இருந்தது.

தன்னுடைய செவ்வாய்க்கிழமைகளால்தான் அவன் செயலில் இருக்கிறான் என்று அவள் ஆறு வருடமாக நம்பியிருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை அவள் மறந்திருந்தாலும் அவன் இருந்திருப்பான்.

பதிவில் எண் இருந்தது. அவள் கூப்பிட்டாள். ரொம்ப நேரம் மணி அடித்தபின் யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். கிழவரின் குரல் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக, கடலில் அடுத்த தோணியைக் கூப்பிடுவதைப் போல வந்தது.

டென்சில் மரைன் சப்ளையிலிருந்து பேசுவதாகச் சொன்னாள்.

"எங்க பிள்ள அவன்? நாலு வாரமா பதிலே இல்ல. ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

ரொசிட்டா வாயைத் திறந்தாள். இந்த ஆறு வருடத்தில் அவள் யாரிடமும் அந்த வாக்கியத்தைச் சொன்னதில்லை. காணவில்லை என்பாள், தேடுகிறார்கள் என்பாள், அவரைப் பற்றித் தகவல் இல்லை என்பாள். கோவில் பூசைக்குப் பெயர் கொடுக்கும்போதுகூட ஆன்ம இளைப்பாற்றிக்கு என்று எழுதாமல், நலத்துக்காக என்றே எழுதிக் கொடுத்தாள்.

"அவர் இல்ல ஐயா. லஞ்ச் கவுந்து கடல்ல இறந்துபோயிட்டார். ஆறு வருசமாச்சு. நான் அவர் பொண்டாட்டி."

எதிர்ப்பக்கம் மூச்சு இரைத்தது.

"அப்பமே யாரோ வந்து சொன்னான்" என்றார் கிழவர். இப்போது குரல் இறங்கியிருந்தது. "நான் நம்பல. அடுத்த ஞாயித்துக்கிழம பேசுனேனே, நல்லாத்தான பேசுனான். அவனுக்கு ஒண்ணுமில்லடான்னு சொன்னவனத் திட்டி அனுப்பிச்சேன்." மறுபடி மூச்சு. "எனக்குக் கண்ணு போச்சு பிள்ள. தோணியும் போச்சு. எவன்ட்ட போய்ப் பாய்த்துணி இருக்கான்னு கேப்பேன். இவன்தான் இருக்கு தண்டல், என்ன சைஸுன்னு கேப்பான். ஆறு வருசமா நான் யார்ட்ட பேசிக்கிட்டு இருந்தேன்?"

நானும் அதனிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன் என்று ரொசிட்டா சொன்னாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. மறைக்கவில்லை. எதிரே ஒருவர் அழுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கத் தெரிந்தவர் அந்தக் கிழவர். சும்மா இருந்தார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. தன்னிடம் பாய்த்துணியும் இல்லை, கயிறும் இல்லை.

"இந்த வாரம் என்ன கேக்கணும்னு இருந்தீங்க ஐயா?"

"நான் வாங்கப்போறதில்ல பிள்ள."

"தெரியும். சொல்லுங்க."

கிழவர் தயங்கினார். பிறகு, கொழும்புக்கு ஓடு ஏற்றிப்போன ஒரு நடையில் பெரிய பாய் கிழிந்ததையும், அதற்கு எந்தத் துணி தாங்கும் என்று தனக்கும் டென்சிலுக்கும் ரொம்ப நாளாக முடியாமல் இருக்கும் ஒரு வாதத்தையும் சொல்ல ஆரம்பித்தார். ரொசிட்டா நாற்காலியை ஜன்னல் பக்கமாக இழுத்துப்போட்டுக்கொண்டு, துணியின் பெயர் புரியாத இடத்தில் நிறுத்தி, அது என்ன என்று கேட்டாள்.